மடிக்கணினிக்கு எந்த எஸ்எஸ்டி: திறந்து பார்ப்பது முதல் பொருத்தி முடிப்பது வரை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் பழுதுபார்ப்பு மேசைக்கு வரும் எஸ்எஸ்டிகளில் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களால் ஆன சேமிப்பகம்) கணிசமானவை பழுதானவை அல்ல. தவறான கணினிக்காக வாங்கப்பட்டவை. கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, வீட்டில் பின்மூடியைக் கழற்றிய பிறகு, "அண்ணா, இது உள்ளார போகமாட்டீங்குதுங்க" என்று போனில் கேட்பார்கள். உறையைக் கிழித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், ஒரு நாள் கூலியும் வீணாகிவிடும்.

எந்த வகை எஸ்எஸ்டி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் விருப்பமோ கடைக்காரரின் பரிந்துரையோ அல்ல, அதைச் செருகக் கணினிக்குள் இருக்கும் இடமான ஸ்லாட்தான். ஆகவே முதலில் திறந்து பார்த்துவிட்டு, பிறகு பணத்தை எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே உள்ளன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் எங்கே சிக்குவீர்கள் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. திருப்புளியைத் தொடுவதற்கு முன்

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறொரு இடத்தில் நகலெடுத்து வைப்பது. பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டது என்பதற்காகத்தான் பலர் எஸ்எஸ்டிக்கு மாறுகிறார்கள். அந்தத் தாமதமே சில சமயம் டிஸ்க் சாகத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை முழுவதுமாக நகலெடுக்க முயன்றால் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். எனவே படங்களையும் ஆவணங்களையும் மட்டுமாவது முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் குறியாக்கத்தின் மீட்பு எண். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே டிஸ்க் குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். அது நடந்ததே உரிமையாளருக்குத் தெரியாது. பின்னர் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பு) ஏதேனும் மாற்றினால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்டுத் திரை நின்றுவிடும். அந்த எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, வேலை முடியும் வரை குறியாக்கத்தை இடைநிறுத்தி வையுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் தம் சொந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் இல்லையென்றால் என்னால் மட்டுமல்ல, யாராலும் உதவ முடியாது.

தேவையான கருவிகள் குறைவு: நுனி நன்றாக இருக்கும் சிறிய நட்சத்திரத் திருப்புளி ஒன்று, மூடியை நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் அட்டை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, திருகுகளை வரிசையாக வைக்க ஒரு வெள்ளைத்தாள். நுனி தேய்ந்த திருப்புளி திருகின் தலையை வழித்துவிடும்; பிறகு அதை எடுப்பதற்கே அரை நாள் போய்விடும்.

2. உள்ளே இப்போது இருப்பது என்ன

திறப்பதற்கு முன்பே பாதி விடை திரையில் கிடைத்துவிடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைச் சொடுக்கினால், இப்போதிருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதும் அதன் மாடல் எண்ணும் தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய், அது சாட்டாவில் இயங்குகிறதா என்விஎம்இயில் இயங்குகிறதா (டிஸ்க் கணினியோடு பேசும் இரண்டு முறைகள்; சாட்டா பழையது, என்விஎம்இ வேகமான புதியது) என்பதையும் டிஸ்க்கின் உடல்நிலையையும் காட்டும்.

அடுத்து, கணினியின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்மூடியில் அச்சிட்டிருக்கும் பெயர் போதாது; ஒரே பெயரில் பத்து வகைக் கணினிகள் வந்திருக்கும். அடிப்பக்க லேபிளில் உள்ள நீண்ட எண்தான் சரியானது. டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே பெரும்பாலான மாடல்களுக்குப் பராமரிப்புக் கையேட்டைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் சேமிப்பகம் என்ற பகுதியில் எத்தனை ஸ்லாட், எந்த வகை, என்ன நீளம் என்பது தெளிவாக இருக்கும். கையேட்டைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. ஆனால் என்னிடம் வருபவர்களில் அதைப் பார்த்துவிட்டு வருபவர் மிகச் சிலரே.

இந்தக் கட்டத்திலேயே சிலருக்குப் பயணம் முடிந்துவிடும். தற்போதைய மேக்புக்குகளிலும் மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றிலும் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. விலை குறைந்த கணினிகளில் 64 ஜிபி இஎம்எம்சி என்று இருந்தால் அதுவும் பற்றவைத்ததுதான். ஆனால் அவற்றில் சிலவற்றில் பக்கத்திலேயே காலி ஸ்லாட் ஒன்று இருப்பதுண்டு, ஆகவே கையேட்டைப் பார்க்காமல் கைவிட வேண்டாம்.

3. பின்மூடியைத் திறந்து இடத்தைப் பார்த்தல்

கையேட்டைப் படித்த பிறகும் ஏன் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரே மாடலில் இடம் இருக்கும், ஆனால் அதற்குத் தேவையான சின்னப் பொருள்கள் இருக்காது என்பதே காரணம். 2.5 அங்குல டிஸ்க்குக்கான குழி காலியாக இருக்கும். ஆனால் அதை மதர்போர்டுடன் இணைக்கும் பட்டைக் கேபிளும் பிடித்து வைக்கும் தாங்கியும் தொழிற்சாலையிலேயே விடுபட்டிருக்கும். அவற்றைத் தனியாக அந்த மாடலுக்கென்றே தேடி வாங்க வேண்டியிருக்கும். வேறு சில மாடல்களில் பெரிய பேட்டரி வைத்த வகையில் அந்தக் குழியையே பேட்டரி பிடித்திருக்கும்.

கணினியை முழுமையாக அணையுங்கள். விண்டோஸில் வழக்கமான ஷட் டவுன் பாதி உறக்கத்தில் நின்றுவிடுவதால், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். சார்ஜரைப் பிடுங்கி, மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள்.

திருகுகளைக் கழற்றும்போது, கணினியின் அடிப்பக்க வடிவத்தை வெள்ளைத்தாளில் வரைந்து, ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே தாளில் வையுங்கள். எல்லாத் திருகும் ஒரே நீளம் இல்லை. நீளமான திருகைக் குட்டையான துளையில் போட்டு முடுக்கினால், அது மறுபக்கம் விசைப்பலகைத் தட்டைத் துளைத்து மேலே ஒரு புடைப்பை உண்டாக்கும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகை விட்டுவிட்டு மூடியை இழுப்பதும் வழக்கமான தவறு. மூடி ஓரிடத்தில் மட்டும் வர மறுத்தால் இழுப்பதை நிறுத்தி, அங்கே திருகு இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூடி வந்ததும் வேறெதையும் தொடுவதற்கு முன் பேட்டரி இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். அணைத்த கணினியிலும் பேட்டரி மின்சாரம் பலகையில் இருந்துகொண்டே இருக்கும். திருப்புளி ஒருமுறை வழுக்கினால் போதும். அதன் பிறகு போனில் இரண்டு புகைப்படங்கள் எடுங்கள்: முழுத் தோற்றம் ஒன்று, ஸ்லாட்டுக்கு மிக அருகில் ஒன்று. கடைக்கு எடுத்துப் போக வேண்டியது இந்தப் படங்களைத்தான்.

திறந்ததே திறந்தோம், மின்விசிறியையும் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் தூசிக்குக் குறைவில்லை. வெப்பம் வெளியேறும் இதழ்களில் கம்பளி போலப் படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் அதை எடுத்துவிடுவது புது எஸ்எஸ்டிக்கும் நல்லது. காரணம் 7ஆம் படியில் வருகிறது.

4. ஸ்லாட்டை அடையாளம் காணுதல்

மடிக்கணினிகளில் நீங்கள் பார்க்கக்கூடியவை பெரும்பாலும் மூன்று வடிவங்கள். முதலாவது 2.5 அங்குல சாட்டா: சீட்டுக்கட்டு போன்ற உலோகப் பெட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே அளவு. இரண்டாவது எம்சாட்டா: ஏறத்தாழ 2010 முதல் 2013 வரை வந்த சில கணினிகளில் மட்டும் இருந்த, அகலமான சிறு அட்டை. மூன்றாவது எம்.2: சூயிங்கம் பட்டை போன்ற 22 மில்லிமீட்டர் அகலமுள்ள அட்டை. குழப்பம் முழுவதும் இந்த மூன்றாவதில்தான்.

எம்.2 என்பது ஒரு வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கலாம், என்விஎம்இ எஸ்எஸ்டியும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இ அட்டை வேலை செய்யாது; என்விஎம்இ மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் சாட்டா அட்டை வேலை செய்யாது. எரிந்து போகாது, கணினி அதைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

இன்னொரு கண்ணி, கடைகளில் புழங்கும் பேச்சு. எம்.2 என்பதற்கு முன்பு இருந்த பெயர் என்ஜிஎஃப்எஃப். இன்று பல கடைகளில் "என்ஜிஎஃப்எஃப் வேணுமா, என்விஎம்இ வேணுமா" என்று கேட்பார்கள். அவர்கள் வழக்கில் என்ஜிஎஃப்எஃப் என்றால் எம்.2 சாட்டா. "எம்.2 கொடுங்க" என்று மட்டும் நீங்கள் கேட்டால் எது கையில் வரும் என்பது அன்றைய இருப்பைப் பொறுத்தது.

அட்டையில் தங்கநிறப் பற்கள் உள்ள முனையில் இருக்கும் வெட்டைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு, அதன் குறுகிய பக்கத்தில் ஐந்து பற்கள் இருந்தால் அது எம் வகை. என்விஎம்இ அட்டைகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள்: இரண்டு வெட்டுகள் கொண்ட என்விஎம்இ அட்டைகளும் உண்டு. ஆகவே வெட்டை எண்ணுவது முதல் சோதனை மட்டுமே. லேபிளில் என்விஎம்இ அல்லது பிசிஐஇ (என்விஎம்இ பயன்படுத்தும் இணைப்பு) என்று எழுதியிருக்கிறதா, சாட்டா என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முடிவான சோதனை.

ஸ்லாட் பக்கம் நிலைமை இன்னும் கடினம். எம் வகை ஸ்லாட் என்விஎம்இயை மட்டும் ஏற்கலாம், இரண்டையும் ஏற்கலாம். பார்வையில் வித்தியாசம் தெரியாது. அதை மதர்போர்டில் ஓடும் கம்பிகள்தான் தீர்மானிக்கின்றன. அதனால்தான் கையேடு வேண்டும் என்று இரண்டாம் படியில் வற்புறுத்தினேன். கையேடு கிடைக்காவிட்டால், இப்போது அதே ஸ்லாட்டில் செருகியிருக்கும் அட்டையின் வகையையே திரும்ப வாங்குவது பாதுகாப்பானது.

வைஃபை அட்டை செருகியிருக்கும் சிறிய ஸ்லாட்டையும் எம்.2 என்றே சொல்வார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள் புறப்படுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது சேமிப்பகத்துக்கானது அல்ல.

5. சாட்டாவா, என்விஎம்இயா

ஸ்லாட் ஒன்றை மட்டும்தான் ஏற்கும் என்றால் இந்தப் படி உங்களுக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் வழி இருப்பவர்களுக்கே இந்தத் தேர்வு.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பிக்கு மேல் போகாது. அந்த இணைப்பின் வரம்பே அதுதான். மூன்றாம் தலைமுறை பிசிஐஇயில் இயங்கும் என்விஎம்இ ஏறத்தாழ 3,500 எம்பி வரை போகும். மடிக்கணினியில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் 100 எம்பியைச் சுற்றியே நின்றிருக்கும். ஆனால் நீங்கள் அன்றாடம் உணரும் வித்தியாசம் இந்த எண்களில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி நகர்ந்து ஒரு சிறு கோப்பைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு அது மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கு. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், எந்த எஸ்எஸ்டி போட்டாலும் பெரும் மாற்றம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அந்த அளவு மாற்றம் தெரியாது.

ஆகவே 2.5 அங்குலக் குழி மட்டும் உள்ள பழைய கணினி வைத்திருப்பவர்கள் சாட்டாவை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். புது ஸ்லாட்டுள்ள கணினியிலோ, விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதவரை, என்விஎம்இயையே வாங்குங்கள். அந்த அட்டையைப் பிறகு வேறு கணினிக்கும் எடுத்துச் செல்ல முடியும்.

2015க்கு முந்தைய பல கணினிகளில் என்விஎம்இயிலிருந்து விண்டோஸைத் தொடங்கும் ஏற்பாடு பயாஸில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றில் அடாப்டர் வைத்து என்விஎம்இயைச் செருக முயல்வது வீண்வேலை. மேலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான கணினிகளையே ஏற்கிறது. அதற்கும் பழைய கணினிக்கு 1 டிபி எஸ்எஸ்டி வாங்குவதைவிட, சிறிய சாட்டா எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதே செலவுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

6. நீளமும் தடிமனும்

எம்.2 அட்டையின் மேல் 2280, 2242, 2230 என்று ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அகலம், அடுத்த இரண்டு நீளம், மில்லிமீட்டரில். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 2280. உங்கள் ஸ்லாட்டிலிருந்து திருகுத்துளை வரை அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சில கணினிகளில் 42 மில்லிமீட்டரிலும் 80 மில்லிமீட்டரிலும் இரண்டு துளைகள் இருக்கும். திருகு தாங்கும் சிறு குமிழை இடம் மாற்றினால் போதும். இடமே இல்லாத கணினியில் நீளமான அட்டையை வளைத்தோ டேப் ஒட்டியோ நிறுத்தப் பார்க்காதீர்கள், பற்கள் மெல்ல மெல்ல விலகி, ஒருநாள் கணினி டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

மெல்லிய கணினிகளுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அட்டையின் இரு பக்கமும் சிப் இருந்தால் ஸ்லாட்டுக்கு அடியில் இடம் போதாமல் அட்டை மேல்நோக்கி வளையும். ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மேசைக்கணினிக்கென உயரமான உலோகத் தகடு ஒட்டி விற்கப்படும் எஸ்எஸ்டி மடிக்கணினிக்குள் மூடியை மூடவிடாது.

2.5 அங்குல எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய கணினியின் குழி 9.5 மில்லிமீட்டருக்கானதாக இருந்தால் எஸ்எஸ்டி ஆடும். அதற்கான பிளாஸ்டிக் சட்டம் தனியே கிடைக்கும்.

7. தலைமுறை எண்ணுக்குக் காசு கொடுப்பதற்கு முன்

என்விஎம்இ அட்டைகளில் ஜென் 3, ஜென் 4, ஜென் 5 என்று எழுதியிருக்கும். ஜென் 4 ஏறத்தாழ 7,000 எம்பி வரையும், ஜென் 5 அதற்கும் வெகு மேலேயும் போகும். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் ஜென் 4 அட்டையை ஜென் 3 ஸ்லாட்டில் போட்டால் ஜென் 3 வேகமே கிடைக்கும். ஸ்லாட் தாங்காத வேகத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

வேகம் கூடினால் சூடும் கூடும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, காற்றோட்டமில்லாத இடத்தில் செருகியிருக்கும் எஸ்எஸ்டி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மடிக்கணினிக்கு ஜென் 5 வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஜென் 3 ஸ்லாட்டுக்கு, விலை ஒன்றாக இருந்தால் மட்டும், நல்ல ஜென் 4 அட்டையை எடுக்கலாம்.

8. வேகத்தைவிட முக்கியமான இரண்டு: டிராம், செல் வகை

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். பெட்டியில் பெரும்பாலும் எழுதப்படாத இரண்டு செய்திகள்தான், ஓராண்டுக்குப் பிறகும் அந்த எஸ்எஸ்டி நன்றாக இருக்குமா என்பதைச் சொல்லும்.

எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி வைத்திருக்க வேண்டும். சிலவற்றில் அதற்கெனத் தனி டிராம் சிப் (வேகமான தற்காலிக நினைவகம்) உண்டு. விலை குறைந்தவற்றில் இருக்காது. டிராம் இல்லாத என்விஎம்இ, ஹோஸ்ட் மெமரி பஃபர் என்ற ஏற்பாட்டின் வழியாகக் கணினியின் ரேமில் சிறிது இடத்தை இரவல் வாங்கிக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதுமானது. சாட்டாவில் அந்த இரவல் வசதி இல்லை. ஆகவே சாட்டா வாங்குபவர்கள் கூடுமானவரை சாம்சங் 870 ஈவோ போல டிராம் உள்ளதையே தேடுங்கள்.

தரவைத் தாங்கும் மிகச் சிறிய அறைதான் செல். அதன் வகையில், டிஎல்சி என்பது ஒரு செல்லில் மூன்று பிட், கியூஎல்சி என்பது நான்கு பிட். ஒரே செல்லில் அதிகம் திணிக்கத் திணிக்க விலை குறையும். எழுதும் வேகமும் ஆயுளும் கூடவே குறையும். இதை மறைக்கவே பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்திருப்பார்கள். வாங்கியவுடன் சிறு கோப்பை வைத்துச் சோதித்தால் அந்த வேகமான இடத்தின் எண்தான் தெரியும்.

வண்ணாமடையிலிருந்து வரும் கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர், விலை மலிவு என்று 1 டிபி கியூஎல்சி ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டார். முகூர்த்த நாள் இரவில் மூன்று கேமராக்களின் காணொளியைக் கொட்டும்போது, முதல் சில நிமிடங்கள் நகலெடுக்கும் வேகம் பறந்தது. பிறகு அது பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே இறங்கிவிட்டது. அந்த வட்டு ஏற்கெனவே முக்கால் பங்கு நிரம்பியிருந்ததால் தற்காலிக இடமும் சுருங்கியிருந்தது. காலை நான்கு மணிக்குக் கேமராக்களின் மெமரி கார்டுகள் காலியாகாமல் அடுத்த மண்டபத்துக்குப் புறப்பட வேண்டிய நிலை. அந்த எஸ்எஸ்டி பழுதானதல்ல, அவர் வேலைக்கு உரியதல்ல. இப்போது அதே அட்டை அவர் மகளின் கல்லூரிக் கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது.

ஆகவே பெரிய கோப்புகளை அடிக்கடி எழுதுபவர்கள் டிஎல்சி என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். செல் வகையை உற்பத்தியாளரே சொல்லாமல் விட்டிருந்தால், அது எதுவாகவும் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். டிபிடபிள்யூ என்ற ஆயுள் எண்ணும் (மொத்தம் எத்தனை டிபி வரை எழுதலாம் என்பது) ஒரு தடயம்: நல்ல டிஎல்சி அட்டைகளில் 1 டிபிக்கு 600 என்ற எண் வழக்கமானது, அதில் பாதிக்கும் கீழே இருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

9. எவ்வளவு கொள்ளளவு

500 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும், 1 டிபி 931 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, உற்பத்தியாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது.

இப்போது பயன்படுத்தும் இடத்தின் இரு மடங்கை வாங்குங்கள். நிரம்பிய எஸ்எஸ்டி மெதுவாகும் என்பதை மேலே பார்த்தோம். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். 256 ஜிபியை இன்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

10. கடையில்

மூன்று பொருள்கள் உங்கள் போனில் இருக்கட்டும்: ஸ்லாட்டின் படம், கையேட்டின் பக்கம், நீங்கள் எழுதிய ஒரு வரி. அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: "எம்.2 2280, என்விஎம்இ, ஜென் 3, ஒருபக்கச் சிப், டிஎல்சி, 500 ஜிபி." இந்த ஒரு வரியைச் சொன்னால் கடைக்காரர் வேறு எதையும் நீட்டமாட்டார்.

பில்லில் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். நம்மில் பலர் தமிழ்நாட்டில் வாங்கிக் கேரளத்தில் பயன்படுத்துகிறோம். வாரண்டிக்கு அலையும் நாளில், வாங்கிய கடை கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும், நாம் இந்தப் பக்கம் இருப்போம். வரிசை எண்ணுள்ள பில் கையில் இருந்தால் உற்பத்தியாளரின் சேவை மையத்தை நேரடியாக அணுகலாம். வெற்று மதிப்பீட்டுத் தாளில் வாங்கிய எஸ்எஸ்டிக்கு வாரண்டி கேட்பது கடினம்.

பெயர் தெரியாத 2 டிபி எஸ்எஸ்டி நம்பமுடியாத விலையில் கிடைத்தால் விட்டுவிடுங்கள். சிறு மெமரி கார்டை உள்ளே ஒட்டி, பெரிய கொள்ளளவு காட்டுமாறு மாற்றிய போலிகள் உண்டு. உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதப்படும் கோப்புகள் சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

11. நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா

பழைய டிஸ்க் நலமாகவும் விண்டோஸ் ஒழுங்காகவும் இருந்தால் நகலெடுக்கலாம். இல்லையென்றால் புதிதாக நிறுவுவதே நல்லது. பழைய நோயையும் சேர்த்து நகலெடுப்பதில் பயனில்லை. விண்டோஸ் உரிமம் மதர்போர்டுடன் பிணைந்திருப்பதால் டிஸ்க் மாறியதால் அது போகாது.

நகலெடுக்க யுஎஸ்பி உறை (புது எஸ்எஸ்டியை வெளியிலிருந்து கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி) வேண்டும். இங்கேயும் சாட்டாவுக்கு ஓர் உறை, என்விஎம்இக்கு வேறோர் உறை. இரண்டையும் ஏற்பதும் உண்டு. உறையின் பெட்டியைப் படித்து வாங்குங்கள். மென்பொருளில் மூலம் எது, இலக்கு எது என்பதை மாடல் பெயரை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்படும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. மின்வெட்டு வரும் நேரமாக இருந்தால் பேட்டரியை முழுவதும் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

12. பொருத்துதல்

பேட்டரி இணைப்பை மறுபடியும் கழற்றுங்கள். கணினியின் உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். வறண்ட காற்று வீசும் நாளில் இதை விட்டுவிடக் கூடாது.

எம்.2 அட்டையை முப்பது டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்கப் பற்கள் கிட்டத்தட்ட முழுவதும் மறைய வேண்டும். கால் பங்கு வெளியே தெரிந்தால் முழுதாக உட்காரவில்லை. கையை எடுத்தால் அட்டை சாய்ந்தபடியே மேலே நிற்கும், அது இயல்பு. மெதுவாகக் கீழே அழுத்தித் திருகைப் போடுங்கள். திருகு இறுகியதும் நிறுத்துங்கள். மேலும் கால் சுற்று முடுக்கினால் குமிழே பெயர்ந்து வரும். லேபிளை உரிக்க வேண்டாம், வாரண்டி அதில்தான் இருக்கிறது.

மூடியை மூடுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, கணினியைக் கவனமாக நிமிர்த்தி, பயாஸில் புது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாத் திருகையும் போட்டபின் தெரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

13. கணினி எஸ்எஸ்டியைக் கண்டுகொள்ளவில்லை என்றால்

பயாஸிலேயே தெரியவில்லை என்றால், கழற்றி மறுபடி செருகுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால் வகை பொருந்தவில்லை என்பதே முதல் சந்தேகம், நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

பயாஸில் தெரிந்து, விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் பட்டியல் காலியாக இருந்தால், அது இன்டெல் பதினொன்றாம் தலைமுறை முதலான கணினிகளில் வழக்கமானது. விஎம்டி என்ற ஏற்பாடு இயங்குவதால் நிறுவிக்கு டிஸ்க் தெரிவதில்லை. கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் விரித்து வைத்து, அதே திரையில் லோட் டிரைவர் என்பதைச் சொடுக்கி அதைக் காட்டுங்கள். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடியவர்கள் பலர்.

ஏற்கெனவே இயங்கும் கணினியில் இரண்டாவது டிஸ்க்காகச் சேர்த்திருந்தால், திஸ் பிசியில் அது தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஜிபிடி என்று தேர்ந்து, பகுதி உருவாக்க வேண்டும். எந்த டிஸ்க் என்பதைக் கொள்ளளவை வைத்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

புதிதாக நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் நிறுவி, தொடக்கப் பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடக்கூடும். ஆறு மாதம் கழித்துப் பழையதைக் கழற்றும் நாளில் கணினி தொடங்காது.

14. முடித்தபின்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: உடல்நிலை 100 விழுக்காட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், இயங்கிய மணிநேரம் ஒற்றை இலக்கத்தைச் சுற்றி இருக்க வேண்டும், இணைப்பின் வேகம் உங்கள் ஸ்லாட்டின் தலைமுறையோடு ஒத்துப்போக வேண்டும். புதிது என்று விற்றது ஆயிரம் மணிநேரம் காட்டினால் அன்றே கடைக்குத் திரும்புங்கள். இடைநிறுத்திய குறியாக்கத்தையும் மறுபடி இயக்கிவிடுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். மறந்துபோன கோப்பு ஒன்று இரண்டு மூன்று வாரங்களில் நினைவுக்கு வரும். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, குடும்பப் படங்களின் இரண்டாவது நகலாக அதையே வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை அப்படி மின்சாரமின்றி அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைப்பது சரியல்ல, செல்களில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, இரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.